மூன்றாவது வகைத் தலைவி

காலையிலிருந்து கறிவேப்பிலைக் கட்டுகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தேன். கைப்பேசி சத்தம் போடும்போதெல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். எங்கள் முதலாளி அஹமது கபீருக்குச் சிங்கப்பூரில் இரண்டு மளிகைக் கடைகள். தேக்காவில் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், பூன் லேயில் இருப்பதைச் செல்வராஜ். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மேலாளர் வேண்டுமாம். எங்களில் யார் என்று இன்று மதியம் சொல்லப்போகிறார்.

முன்பென்றால் அவரே முடிவு செய்திருப்பார். போன மாதம் எங்கள் இருவரையும் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பி, தானும் வந்து உட்கார்ந்ததுதான் வினை. கட்டளை போடுபவர், கலந்து பேசுபவர், தன் ஆட்களுக்குத் தொண்டு செய்பவர் என்று தலைவர்களை வகை பிரித்தார் பயிற்சியாளர். மூன்றாவது வகையைக் கேட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீபாவளி நெரிசலில்கூடக் கல்லா பார்க்கும் முத்தாயி அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே அங்கே நிற்பேன். நோன்பு மாதத்தில் கடைப் பையன் ஸைஃபை மூட்டை தூக்க விட்டதில்லை. நானே தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலைவேன். செல்வராஜ் முதல் வகை. அவன் போடும் கூச்சல் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கேட்கும்.

ஊழியர்களே தங்கள் மேற்பார்வையாளருக்கு மதிப்பெண் போடட்டும், பெயர் வேண்டாம் என்றுவிட்டார் முதலாளி. எனக்கென்ன பயம்? ஆனாலும் இருப்புக்கொள்ளவில்லை. முத்தாயி அக்கா என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது வேறு எரிச்சலாக இருந்தது.

முதலாளி வந்ததும் என்னைக் கிடங்குக்குள் கூப்பிட்டார்.

"என்னம்மா தாரணி, ஒன் ஆளுங்க ஒனக்கு இவ்ளோ கம்மியா போட்டிருக்காங்க? செல்வராஜுக்கு அங்க எல்லாரும் ஃபுல் மார்க்."

"அவனுக்கா?"

"என்னாலயும் நம்ப முடியல. ஆனா சொன்ன பேச்ச மாத்த முடியாதுல்ல. அடுத்த மாசத்துலேர்ந்து அவன்தான் மேனேஜர்."

அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது. நேராகக் கல்லாவுக்குப் போனேன்.

"அக்கா, நான் ஒங்களுக்கு என்ன கொற வெச்சேன்? ஏன் கம்மியா போட்டீங்க?"

"கோவப்படாத லா. மேனேஜர் ஆனா நீ கடைய விட்டுட்டு ஆபீஸ்ல போய் உக்காந்துடுவ. அப்புறம் எங்களுக்கு யாரு இருக்கா? அதான் எல்லாரும் பேசி வெச்சுக் கம்மியா போட்டோம்."

ஸைஃப் சிரித்தான். "பூன் லே ஆளுங்களும் அதே பிளான்தான்க்கா. செல்வராஜ் அங்கேருந்து தொலையட்டும்னுதான் ஃபுல்லா போட்டாங்க."

இருவர் முகத்திலும் அத்தனை பாசம். எனக்கு அறையலாம் போலிருந்தது.

"ஆபீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேனேஜர் ரெண்டு கடையிலயும் மாறி மாறி நிக்கணும். இனிமே இங்கயும் செல்வராஜ் சொல்றதுதான்."

அக்காவின் சிரிப்பு நின்றது. "இத ஏன் எங்ககிட்ட முன்னாடியே சொல்லல?"

சொன்னால் மதிப்பெண்ணுக்குக் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவு ரோஷம் எனக்கு.

"அப்ப தீபாவளிக்கு லீவு?" என்றார் அக்கா, மெதுவாக.

வாசலில் அரிசி லாரி ஹாரன் அடித்தது. வழக்கமாக நான்தான் முதலில் ஓடுவேன். இன்று கால் நகரவில்லை.

"என்ன வேடிக்கை பாக்குறீங்க? போய் எறக்குங்க!"

கத்தியது நான்தான். ஸைஃப் ஓடினான். இத்தனை வருடத்தில் அவன் இவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததே இல்லை.