மாயம்மாளுக்கு ஒரு நங்கூரக் கயிறு

மட்டாஞ்சேரி பஜாரில் கயிறும் சங்கிலியும் விற்கிற கடையில் பிச்சை இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தார். விசைப்படகுக்காரர்கள், வள்ளம் என்கிற நாட்டுப்படகுக்காரர்கள், துறைமுகத்துக் காண்டிராக்டர்கள் என்று எல்லாரும் அவரைத்தான் தேடி வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைத் தடவிப் பார்த்தே அது நல்ல நைலானா, பழைய பிளாஸ்டிக்கை உருக்கித் திரித்ததா என்று சொல்லிவிடுவார். ஆனால் பிச்சைக்குத் தண்ணீர் என்றால் பயம். எர்ணாகுளம் போக வேண்டுமென்றால் எல்லாரும் படகுத்துறையான ஜெட்டிக்குப் போய் போட் ஏறுவார்கள். இவர் தோப்பும்படி சுற்றி பஸ்ஸில்தான் போவார்.

அவர் மனைவி மாயம்மாள் அதற்கு நேரெதிர். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. கூட வேலை பார்க்கிற சுனிதாவின் வீடு கும்பளங்கியில், கடல்நீர் ஏறி இறங்குகிற காயலை ஒட்டி இருந்தது. இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஓணத்துக்குச் சாப்பிடப் போனவள் கையில் சுனிதா ஒரு தூண்டில் நூலைக் கொடுத்தாள். கரையில் உட்கார்ந்தபடியே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கரிமீனைப் பிடித்துவிட்டாள் மாயம்மாள். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவளுக்குக் கும்பளங்கிதான். நாற்பத்தாறு வயதில் ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது என்று பிச்சையும் விட்டுவிட்டார்.

தை மாசத்தில் ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"சுனிதாவோட அண்ணன் பழைய ஃபைபர் படகை எங்களுக்கு விட்டுட்டாரு. பதினாலு அடி. நல்லாத்தான் இருக்கு. நங்கூரமும் அதுக்குக் கயிறும் சங்கிலியும் மட்டும் வேணும். நீங்க பாத்து எடுத்துட்டு வாங்க."

பிச்சை பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். இருந்தாலும் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்கிற கேள்விகளைக் கேட்டார்.

"ஆழம் எவ்வளவு?"

"ரெண்டு ஆள் இருக்கும்."

"அடியில மணலா, சேறா?"

"சேறுன்னுதான் சுனிதா சொல்லுவா."

மறுநாள் கடையில் அவர் எடுத்ததைப் பார்த்து முதலாளியே ஒருமாதிரி பார்த்தார். பெருவிரல் கனத்தில் நைலான் கயிறு. எட்டு மீட்டர் சங்கிலி, ஒவ்வொரு வளையமும் பத்து மில்லி கம்பி. பன்னிரண்டு கிலோ நங்கூரம். கடலுக்குப் போகிற போட்டையே பிடித்து நிறுத்தும். ஆட்டோவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாயம்மாள் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். புடவை முழங்கால் வரை சேறு. உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

"என்னாச்சு?"

"நங்கூரம் நல்லா நின்னுச்சு. மேல வரத்தான் மாட்டேன்னுச்சு. நானும் சுனிதாவும் முன்னாடி போயி இழுத்தா படகு மூக்கு தாழுது, தண்ணி உள்ள வருது. ரெண்டு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தோம். கடைசியில வள்ளத்துல வந்த நாலு ஆம்பளைங்க இழுத்துக் குடுத்தாங்க. சிரிச்ச சிரிப்பு இருக்கே!" கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே சொன்னாள். "நீங்க எனக்கு நங்கூரம் குடுக்கல. என்னையக் கட்டிப் போட்டிருக்கீங்க."

பிச்சை தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து அவள் கையில் தடவினார். அவள் சொன்னது அவருக்கு எங்கேயோ போய்த் தைத்தது. கனமான சங்கிலியாய்ப் பார்த்து எடுத்தபோது மனசுக்குள் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரியும். இதைத் தூக்கிக்கொண்டு இவள் எவ்வளவு தூரம் போய்விடப் போகிறாள் என்றுதான் நினைத்தார்.

மூன்று நாள் கழித்துக் கட்டிலுக்கடியில் ஒரு மஞ்சள் கயிற்றுச் சுருள் கிடந்தது. வேறு கடைச் சரக்கு. எடுத்து விரலால் நெருடினார். இலேசான பிளாஸ்டிக் கயிறு, தண்ணீரில் மிதக்கும். பத்து மீட்டர்கூட இருக்காது. சங்கிலியே இல்லை. கூடவே சின்னதாக நாலு கொம்பு நங்கூரம், ஐந்து கிலோ.

"இது எங்க வாங்கின?"

"ஜெட்டிக்குப் போற வழியில."

கயிறு விற்கிறவன் வீட்டில் அடுத்தவன் கடைக் கயிறு! கோபம்தான் வந்தது. ஆனால் இராத்தூக்கத்தைக் கெடுத்தது கோபம் இல்லை. இந்தக் கயிற்றை நம்பி அவள் நடுக்காயலில் உட்கார்ந்திருப்பாளே என்பதுதான்.

சனிக்கிழமை மாலை கடையிலிருந்து வரும்போது பிச்சையின் துணிப்பையில் முப்பது மீட்டர் நைலான் கயிறு இருந்தது, சுண்டுவிரல் கனம். ஆறு மில்லிச் சங்கிலி மூன்று மீட்டர். நங்கூரத்தையும் சங்கிலியையும் கயிற்றையும் பூட்டுகிற இரும்பு வளையம் இரண்டு. கடையில் ஷேக்கிள் என்பார்கள். ஆழம் பார்க்க ஒரு பெரிய நட்டைக் கட்டிய நூலும் இருந்தது.

"நாளைக்கு நானும் வரேன்" என்றார்.

மாயம்மாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கும்பளங்கியில் படகில் ஏறியவர் நடுவில் தரையோடு உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டார். சுனிதா துடுப்புப் போட்டபடி சிரித்தாள்.

"சேட்டா, பேடிக்கண்டா, பயப்படாதீங்க. இவிடே விழுந்தாலும் நெஞ்சு வரைதான் தண்ணி."

"அப்ப ரெண்டு ஆள் ஆழம்னு சொன்னது?"

"அது அங்க, மீன் இருக்கற இடத்துல" என்று மாயம்மாள் கையை நீட்டினாள். அதைப் பிச்சை கேட்டிருக்கவே வேண்டாம்.

மீன் இருக்கிற இடத்துக்கு வந்ததும் மாயம்மாள் மஞ்சள் கயிற்றோடு நங்கூரத்தை இறக்கினாள். தூண்டிலில் இறாலைக் குத்திப் போட்டாள். கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காயலில் நீர் வற்றிக் கடல் பக்கம் ஓட ஆரம்பித்ததும் கரையிலிருந்த தென்னைகள் மெல்ல நகர்வதைப் பிச்சைதான் முதலில் பார்த்தார்.

"மாயா, படகு போகுது."

"போகலையே, கயிறு நேராத்தான நிக்குது."

"நேரா நிக்கக் கூடாது! சாஞ்சு நிக்கணும். நங்கூரம் கால் ஊனல, அடியில தத்தித் தத்தி வருது. கயிறை விடு, இன்னும் விடு."

"இருந்தாத்தான விடறதுக்கு?"

படகு இப்போது வேகம் பிடித்தது. முன்னால் சீனவலை என்கிற பெரிய தூக்குவலையின் தேக்குக் கழிகள் தண்ணீரில் வரிசையாக நின்றன; மோதினால் படகு கவிழும். சுனிதா துடுப்பைப் போட்டு எதிர்த்தாள். வேகத்தைக் குறைக்கத்தான் முடிந்தது, நிறுத்த முடியவில்லை. பிச்சை கைகளைப் படகின் ஓரத்திலிருந்து எடுத்தார். எப்படி எடுத்தோம் என்று பிறகு அவருக்கே தெரியவில்லை.

"அதை மேல இழு, மாயா. சீக்கிரம்."

நங்கூரம் சேறு சொட்ட உள்ளே வந்தது. தூண்டில் கத்தியால் மஞ்சள் கயிற்றை அறுத்தெறிந்தார். நங்கூரத்தில் சங்கிலியைப் பூட்டினார், சங்கிலியில் நைலானைக் கட்டினார். அந்த முடிச்சை அவர் ஆயிரம் பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். நட்டு கட்டிய நூலைத் தண்ணீரில் விட்டு முழம் போட்டார்.

"மூணரை மீட்டர். போடு."

முதலில் நங்கூரம் போனது, பின்னால் சங்கிலி கலகலவென்று ஓடியது. அதற்கும் பின்னால் கயிற்றை அவர் கை வழியாக விட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து மீட்டர், பத்து மீட்டர்.

"போதும்ங்க, மூணரைக்கு எதுக்கு இவ்வளவு?"

"அஞ்சு மடங்கு விடணும். அப்பத்தான் சங்கிலி தரையில படுக்கும். சங்கிலி படுத்தாத்தான் நங்கூரம் சேத்துல கொத்தும்."

பதினெட்டு மீட்டர் போனதும் கயிற்றைப் படகின் முன்கொண்டியில் சுற்றினார். கயிறு சாய்ந்து விறைத்தது. கையில் ஓர் அதிர்வு வந்தது, இன்னொன்று வந்தது, பிறகு ஒன்றுமில்லை. படகு மூக்கைத் திருப்பி, வருகிற நீரைப் பார்த்தபடி நின்றுவிட்டது. சீனவலைக் கழிகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு படகு நீளம் இருந்தது.

பிச்சை கயிற்றின்மேல் கையை வைத்தபடியே இருந்தார். இத்தனை வருஷமும் அஞ்சு மடங்கு, அஞ்சு மடங்கு என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லியிருக்கிறார். கீழே எங்கேயோ சேற்றுக்குள் ஓர் இரும்பு மூன்று உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது கயிறு வழியாக உள்ளங்கையில் தெரியும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"மாயா" என்றார் மெதுவாக. "அந்த மொதல் சங்கிலி. நீ தூரமாப் போகக் கூடாதுன்னுதான் கனமாப் பாத்து எடுத்தேன்."

"தெரியும்" என்றாள் அவள். "அதை நீங்க தூக்கிட்டு வரும்போதே தெரியும்."

"கோவமா?"

"கோவம்தான். கைப் புண்ணு காயறவரைக்கும் இருந்துச்சு." தூண்டிலைச் சரி செய்துகொண்டே சொன்னாள். "நீங்க பயப்படறது எனக்குப் பிடிக்காமயா இருக்கு? அதை எங்கிட்ட வாயால சொல்லுங்க. இரும்புல செஞ்சு குடுக்காதீங்க."

சுனிதா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை வைத்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

மத்தியானம் வரை இருந்தார்கள். ஆறு கரிமீன், ஒரு காளாஞ்சி மீன் குஞ்சு. குஞ்சைத் திரும்ப விட்டார்கள். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டு வந்திருந்தாள் சுனிதா. பிச்சை ஒரு கையால் சாப்பிட்டார், மறு கை கயிற்றில்.

கிளம்பும்போது அவர் எழுந்திருக்கவில்லை. "நீ எடு, மாயா. நீ மட்டும். சுனிதா தொடக் கூடாது."

மாயம்மாள் முன்னால் போய்க் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். படகே நங்கூரத்துக்கு நேர்மேலே போய் நின்றது. அங்கிருந்து செங்குத்தாக ஒரு இழுப்பு. சேறு விட்டுக் கொடுத்தது. சங்கிலி உள்ளே வந்தது, நங்கூரம் வந்தது. அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. முகத்தில் தெறித்த சேற்றோடு திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்தது கொஞ்சம்தான்.

அந்தச் சங்கிலி துருவேறி மாற்றும் வரை ஏழு வருஷம் அவர்களுக்கு உழைத்தது. பிச்சை எல்லா ஞாயிறும் போகவில்லை; காற்று இல்லாத ஞாயிறுகளில் போனார். நீச்சல் கடைசி வரை கற்றுக்கொள்ளவில்லை. தூண்டிலையும் தொடவில்லை.

அன்றைக்குத் திரும்பி வரும் பஸ்ஸில் மீன் பை அவர் மடியில் இருந்தது. மாயம்மாள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். பை ஒழுகி வேட்டி நனைந்தது. தோப்பும்படி வரும் வரை பிச்சை அசையவே இல்லை.