நம் என்னும் சொல்

அச்சகத்திலும் சபையிலும் அவருக்கு ஒரே பெயர்தான்: ஒற்றையா. முப்பது வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவர். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முகம் சுளிப்பார். அதைப் பார்த்து யாரோ ஒரு குறும்புக்காரர் 'ஒற்று ஐயா' என்று கூப்பிட, "சேர்த்துச் சொன்னா ஒற்றையா. விதிப்படி சரிதான்" என்று அவரே ஒப்புதல் கொடுத்துவிட்டார். மனைவி போன பிறகு அந்தப் பெயரில் வேறொரு அர்த்தமும் வந்து ஒட்டிக்கொண்டது. ஒற்றை ஆளாகிவிட்ட மனுஷனை அப்படிக் கூப்பிடக் கொஞ்ச நாள் எல்லாருக்கும் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

கிறிஸ்தவச் சபையில் அவர் மூப்பர், நிர்வாகம் பார்க்கும் பெரியவர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைத் தாளை அச்சுக்குக் கொடுப்பதும் சனிக்கிழமை அதை ஒவ்வொரு பெஞ்சிலும் வைப்பதும் அவர் வேலை. சின்ன சபை, நூறு தாள் போதும். அந்த நூறு தாளுக்கும் அவர் படுத்துகிற பாடு அச்சகத்தில் பிரசித்தம்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்களை வாரா வாரம் "எங்கள் சபைக்கு வந்திருக்கும் உங்களை வரவேற்கிறோம்" என்று வரவேற்பார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவரை அங்கத்தினராகச் சேர்க்கும் நாளில் மட்டும் சொல் மாறும். மூப்பர் ஒருவர் அவருக்கு எதிரே நின்று, "இனி இது நம் சபை, நம் மேசை, நம் வீடு" என்று வாசிப்பார். சபை அதைத் திருப்பிச் சொல்லும். கடைசியாக அந்தப் புது ஆளும் சொல்வார். 'எங்கள்' போய் 'நம்' வந்துவிட்டால் அவர் உள்ளே வந்துவிட்டார் என்று பொருள். வேறு சடங்கு கிடையாது.

பத்து வருஷத்துக்கு முன்னால், புதிதாக வந்த போதகர் தெரியாமல் அந்த இடத்திலும் 'எங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஒற்றையா நூறு தாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தினார். "ரெண்டு எழுத்துக்கா ஐயா இவ்வளவு?" என்று போதகர் சிரித்தார்.

"உள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அது ரெண்டு எழுத்து. வெளிய நிக்கிறவனுக்கு அதுதான் கதவு. நாம சொல்ற நற்செய்தி மொத்தமும் அந்த ரெண்டு எழுத்துக்குள்ளதான் இருக்கு. அதைத் தொலைச்சிட்டு வேற எதைக் காப்பாத்தப் போறோம்?" என்று கேட்டார் ஒற்றையா.

இதெல்லாம் மனைவி இருந்த காலத்துப் பேச்சு. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்கச் சாலையைக் கடந்த மனைவியை ஒரு பால் வண்டி அடித்துப் போட்டது. வண்டி ஓட்டியவன் இரண்டு நாள் தூங்காமல் ஓட்டியிருக்கிறான். நீதிமன்றத்தில் அவன் வாதாடவே இல்லை. "நான்தான் ஐயா. கண்ணை மூடிட்டேன்" என்று இரண்டே வாக்கியம் சொன்னான். அந்தக் குரல் ஒற்றையாவின் காதில் உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுத்தது. நான்கு வருஷம் சிறை.

சிறையில் அவன் கையில் கிடைத்தது ஒரு சின்ன நற்செய்திப் புத்தகம். ஒற்றையாவின் சபை அச்சிட்டுச் சிறைக்கு அனுப்புவது. எழுத்துக்கூட்டிப் படிக்கவே அதை வைத்துத்தான் பழகினானாம். அதில் ஒரு பிழைகூட இருக்காது. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று முறை பார்த்தவர் ஒற்றையா.

வெளியே வந்தவன் அட்டையில் இருந்த முகவரியைத் தேடிக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டாவது வாரம்தான் முன் வரிசையில் இருப்பவர் யார் என்று அவனுக்குத் தெரிந்தது. போதகரிடம் போய், "நான் வேற எங்கயாவது போயிடறேன்" என்றான். போதகர் விடவில்லை. எட்டு மாதம் கழித்து அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மூப்பர்கள் கூடிப் பேசியபோது, எல்லாரும் ஒற்றையாவைப் பார்த்தார்கள். ஒற்றையா கையிலிருந்த பேனா மூடியைப் பார்த்தார். எதிர்த்து ஒரு வார்த்தை வராததால் சரி என்று எழுதிக்கொண்டார்கள். அந்த மாதம் வாசிக்க வேண்டிய முறையும் அவருடையது. வேறொருவர் வாசிக்கட்டுமா என்று கேட்டதற்கும் அவர் பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புரூஃப் வந்தது. கணினியில் எழுத்துக் கோக்கும் அம்மாள் வாய்த்துடுக்குக்காரி, ஒற்றையாவிடம் பத்து வருஷமாகத் திட்டு வாங்கியும் அசராதவள். வரவேற்பு வரியிலிருந்து நகல் எடுத்து ஒட்டியதில் அவளுக்குக் கை தவறிவிட்டது. 'இனி இது எங்கள் சபை, எங்கள் மேசை, எங்கள் வீடு' என்று வந்திருந்தது.

ஒற்றையாவின் கண் வழக்கம் போல அங்கே போய் நின்றது. பேனாவும் இறங்கியது. தாளுக்கு ஒரு நூல் இடைவெளியில் அது அப்படியே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முன்னால் நின்று, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மனைவியின் படத்தையும் சேர்த்துக்கொண்டு, 'நம் வீடு' என்று எந்த வாயால் சொல்வது? இது தானாக வந்த பிழை. அவர் போட்டதல்ல. நூறு பேரில் ஒருவர்கூடக் கவனிக்க மாட்டார். பேனாவை இன்னும் கீழே கொண்டுபோய், அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தாளை வாங்கிப் பார்த்த அம்மாள் திரும்பி வந்தாள். "இந்த இடத்துல 'நம்'னுதானே வரும்? போன தடவை இதுக்குத்தானே என் உயிரை எடுத்தீங்க?"

"இருக்கட்டும் விடும்மா."

"இருக்கட்டுமா!" அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க சாமி விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. தமிழ் தெரியும். வந்தவனைப் பார்த்து 'எங்கள் வீடு'ன்னு சொன்னா, நீ கிளம்புன்னு அர்த்தம்."

"அச்சுக்குக் கொடும்மா" என்றார் ஒற்றையா. குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

வீட்டில் மகள் இரண்டு வாரமாகவே சரியாகப் பேசவில்லை. வங்கியில் வேலை, அம்மாவின் அதே நடை, அதே கோபம். சனிக்கிழமை காலையில் காபி டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "நாளைக்கு நீங்கதான் வாசிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"நீங்க மன்னிக்கணும்னா மன்னிச்சுக்கோங்க. எனக்கும் சேர்த்துச் சொல்லாதீங்க."

"நான் மன்னிச்சிட்டேன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. அவள் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

மாலை நான்கு மணிக்குச் சபைக் கட்டிடத்தில் ஒற்றையா பெஞ்ச் பெஞ்சாகத் தாள் வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவன்தான். இப்போது ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறான். சபையின் திருவிருந்து மேசை விரிப்பைத் துவைத்துத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் ஏந்திக் கொண்டுவந்திருந்தான். ஒற்றையாவைக் கண்டதும் நின்ற இடத்திலேயே நின்றான். இந்த எட்டு மாதத்தில் இருவரும் தனியாக ஓர் அறையில் இருந்ததில்லை.

விரிப்பை முன்னால் வைத்துவிட்டுத் திரும்பியவன், போகிற வழியில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தாளை எடுத்தான். தன் பெயர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய மெதுவாகப் படித்தான். விரல் ஓர் இடத்தில் நின்றது. பின்னால் போனது. மறுபடி வந்து அதே இடத்தில் நின்றது.

அவன் தாளை இருந்த இடத்திலேயே நேராக வைத்தான்.

"சரியாத்தான் ஐயா போட்டிருக்காங்க" என்றான். "அந்தச் சொல்லு எனக்கு அதிகம்னு நானும் நெனச்சுக்கிட்டுதான் இருந்தேன். சபையே யோசிச்சு முடிவு பண்ணியிருக்கு. எனக்குக் கடைசி பெஞ்ச் போதும் ஐயா."

கோபமோ குறையோ அந்தக் குரலில் இல்லை. அதுதான் ஒற்றையாவைக் கொன்றது. இவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த புத்தகத்தில் பிழையே இல்லை. அது சொன்னதை இவன் அப்படியே நம்பிவிட்டான். இப்போது இந்தத் தாள் சொல்வதையும் அதே மாதிரி நம்புகிறான். ஒற்றையா தன் துக்கத்தைச் சபையின் வாயில் வைத்துப் பேசியிருந்தார். கிறிஸ்துவே இவனைக் கடைசி பெஞ்சோடு நிறுத்திவிட்டதாக இவன் நாளை முழுக்க நம்பப் போகிறான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு முதல் தாளின் முன் உட்கார்ந்தார். கை வரவில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் நிறைந்திருந்தன. மகள் தாமதமாக வந்து, அம்மா எப்போதும் உட்காரும் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். போதகர் தலையசைத்ததும் ஒற்றையா எழுந்து முன்னால் போனார். பால் வண்டி ஓட்டியவன் அவருக்கு எதிரே வந்து நின்றான். சட்டை தேய்த்து விறைப்பாக இருந்தது, கையில் தாள். தலை குனிந்திருந்தது.

"வாசிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றார் ஒற்றையா. "இந்தத் தாள்ல ஒரு பிழை இருக்கு. மூணு இடத்துல. அச்சகத்தைக் குத்தம் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமையே நான் பார்த்தேன். பார்த்துட்டும் விட்டேன். வேணும்னேதான் விட்டேன்."

யாரோ இருமினார்கள்.

"ஏன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு இன்னும் வலிக்குது. நாளைக்கும் வலிக்கும். ஆனா இந்தச் சொல்லு என் சொந்தச் சொத்து இல்ல, எனக்கு வலிக்குதுன்னு மாத்தி எழுத. அதைப் பத்திரமா வச்சிருந்து, வர்றவங்க கையில அப்படியே கொடுக்கத்தான் என்னை இங்க நிறுத்தியிருக்கீங்க. நான் அதைக் கொடுக்காம மறைச்சிட்டேன். சபை என்னை மன்னிக்கணும்."

பிறகு எதிரே நின்றிருந்தவரிடம் போய், அவர் கையிலிருந்த தாளை வாங்கினார். தன் உள்ளங்கையில் வைத்து, மூன்று இடத்தில் 'எங்கள்' என்பதை அடித்து, ஓரத்தில் 'நம்' என்று எழுதினார். கடைசி 'நம்' கோணலாக விழுந்தது. அச்சகத்து வழக்கப்படி கீழே கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இனி இது நம் சபை, நம் மேசை," என்று வாசித்தார். அடுத்த சொல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். "நம் வீடு."

சபை திருப்பிச் சொன்னது. கையில் இருக்கும் தாளைப் பார்த்தே பழகிப்போன ஜனம். பாதிப் பேர் 'எங்கள்' என்றார்கள், பாதிப் பேர் 'நம்' என்றார்கள், சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

"மறுபடியும்" என்றார் ஒற்றையா, அச்சகத்துக் குரலில். இரண்டாவது முறை எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். ஜன்னலோரத்தில் மட்டும் உதடு அசையவில்லை. அவர் அதைப் பார்த்தார். அவளுக்காக மூன்றாவது முறை கேட்கவில்லை.

இனி புது அங்கத்தினர் சொல்ல வேண்டும். அவர் தாளில் சிவப்பு எழுத்தைத் தேடி விரலை வைத்தார். நீதிமன்றத்தில் கேட்ட அதே குரல், அதே தணிவு.

"இனி இது நம்ம சபை," என்றார். "நம்ம மேசை." அப்புறம் அழுதுகொண்டே, "நம்ம வீடு" என்றார்.

எழுதியிருந்தது 'நம்'. அவர் சொன்னது 'நம்ம'. மூன்று இடத்திலும் பிழை. முன்வரிசையில் இருந்தவர்கள் பழக்கத்தில் ஒற்றையாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஒற்றையா பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "ஆமா" என்றார்.