மாடியேறி வந்த குதிரை

அரசர் படுத்த படுக்கையாகி மழைக்காலம் முழுதும் கடந்துவிட்டது. மருத்துவர், மந்திரி யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், ஒரு காலையில் மகளை அழைத்துத் தன் வெள்ளைக் குதிரையைப் பார்க்க வேண்டும் என்றார். ஜன்னல் வழியாகக் காட்டட்டுமா என்று கேட்டாள் அவள். அவர் வெறுங்காற்றில் எதையோ தடவுவதுபோல் கையை மட்டும் நீட்டினார்.

மகள் லாயத்துக்கு ஓடினாள். லாயக்காரர் முதலில் மழுப்பினார். பிறகு மனமிரங்கி, குளம்புகளில் சாக்குத் துணியைக் கட்டினார். குதிரை ஒவ்வொரு படியையும் முகர்ந்துகொண்டே ஏறியது. வெளியே கிடந்த மூடுபனியில் ஒரு துண்டு வீட்டுக்குள் வந்துவிட்டாற்போல, திரைச்சீலைகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்துபோய், அரசரின் உள்ளங்கையில் மூக்கை வைத்தது.

அரசிக்கு முகம் கறுத்துவிட்டது. கணவர் தன்னோடு பேசியதைவிட இந்தக் குதிரையோடு பேசியதுதான் அதிகம் என்பது அவளுடைய பல வருட மனக்குறை. உடனே கீழே கொண்டுபோகச் சொன்னாள்.

"ஏறச் சொன்னா ஏறிடுதும்மா. இறங்கச் சொன்னா பள்ளத்தைப் பார்த்து மிரளுது," என்றார் லாயக்காரர், தலையைச் சொறிந்தபடி.

ஆக, குதிரை மாடியிலேயே தங்கிவிட்டது. விருந்து மண்டபத்தில் வைக்கோல் பரப்பினார்கள். தவறான கதவைத் திறந்த வெளிநாட்டுத் தூதர் ஒருவர், அதற்கும் குனிந்து வணக்கம் வைத்துவிட்டுப் போனாராம். சமையலறையில் அதே பேச்சு.

பிற்பகல்களில் கட்டிலுக்கு ஒரு பக்கம் அரசி, மறுபக்கம் குதிரை. மஞ்சள் வெயிலில் வைக்கோல் தூசி மிதந்துகொண்டிருக்கும். அரசர் கண்ணை மூடியபடியே முணுமுணுப்பார். ஒருநாள் அரசி காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"அவ சிரிச்சா ஒரு கன்னத்துல மட்டும் குழி விழும். உங்கிட்டதான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்," என்று குதிரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அவகிட்ட சொல்லத்தான் வாய் வரல."

"இப்ப கேட்டுடுச்சுங்க," என்றாள் அரசி.

அவர் கண் திறக்கவில்லை. ஆனால் அவருடைய விரல்கள் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டன. அந்த வாரத்திலேயே, அப்படி ஒரு பிற்பகல் தூக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

பிறகு தச்சர்கள் படிகளின் மேல் சரிவாகப் பலகை அடித்தார்கள். லாயக்காரர் இழுத்தும், மகள் கெஞ்சியும் குதிரை அசையவில்லை. கடைசியில் அரசியே கயிற்றை வாங்கினாள். அதன் நெற்றியோடு தன் நெற்றியை வைத்து என்னவோ சொன்னாள். பிறகு முகத்தைப் பார்த்தபடியே, பின்னால் பின்னால் நடந்து இறங்கினாள். குதிரை அவளைத் தொடர்ந்து வந்தது.

முற்றத்தை அடைந்ததும் அது நனைந்த புல்லில் விழுந்து, நான்கு கால்களையும் மேலே தூக்கிப் புரண்டது. அரசி செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் இறங்கினாள். குதிரை எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நின்றிருந்தாள்.