தவக்காலத்தை நீட்டக் கேட்டவள்

1

இந்தக் கதை பிறந்தது இலக்கியத் தாகத்தில் அல்ல, வயிற்றெரிச்சலில். 1984இல் திண்டிவனத்தில் ராயப்பன் வீட்டு மாடிக்கொடியில் ஆட்டுக்கறி உப்புக்கண்டமாகக் காய்ந்தது. கீழே குடியிருந்த எனக்கு வாசனை மட்டும்.

முதல் வாக்கியம்: ‘மரணம் ஒரு கொடியில் தொங்கிக்கொண்டிரு—’ [வெட்கமாயிருக்கிறது. அடித்தாயிற்று.]

2

ராயப்பன் ரயில்வேயில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். சிறுநீரகங்கள் முக்கால்வாசி போய்விட்டன, உப்புக்கண்டத்தைத் தொட்டால் மெட்ராஸில் ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட வேண்டிவரும் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அதை ராயப்பன் மேலிடத்துச் சுற்றறிக்கையைப் போலவே நடத்தினார்: மரியாதையாகப் பெற்றுக்கொண்டார், கடைப்பிடிக்கவில்லை. இரண்டு தரம் அலசினால் உப்பு போய்விடும் என்பது அவர் சித்தாந்தம்.

[மேலுப்புதான் போகும், ஊறியது போகாது. இக்கதையில் விஞ்ஞானம் இவ்வளவே.]

3

டாக்டருக்குப் பணியாதவர், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்குப் பணிந்தார். ஈஸ்டர் வரை நாற்பது நாளும் கறி கிடையாது. கொடியிலிருந்த கண்டம் ஈஸ்டருக்கென்று பானைக்குப் போனது. கால்வீக்கம் வடிந்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் தன் மாத்திரையை மெச்சிக்கொண்டார். ராயப்பன் தன் மனவுறுதியை. மனைவி இருதயசெல்வி மட்டும் காலண்டரைப் பார்த்தாள். ஈஸ்டருக்கு ஒன்பது நாள்.

பங்குச் சாமியாரிடம் போனாள்.

“ஊருக்கெல்லாம் ஈஸ்டர் வரட்டுங்க சாமி. எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் தவக்காலத்த நீட்டிக் குடுங்க.”

சாமியார் ரோமாபுரியில் தொடங்கி அரைமணி நேரம் சட்டம் பேசினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“சரிங்க. பாவத்தச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவாரில்ல, ஒரு வருசம் கண்டம் தொடக் கூடாதுன்னு அபராதம் போடுங்க. உங்களுக்குத்தான் பயப்படுவாரு.”

“எந்தப் பாவத்துக்கும்மா?”

“கட்டிக்கினு முப்பது வருசமாவுது. பாவத்துக்கா பஞ்சம்? நானே எழுதித் தர்றேன்.”

4

பாவசங்கீர்த்தனத்தில் என்ன நடந்தது என்று மூன்று பக்கம் எழுதினேன். சாமியார் மகானாகிவிட்டார், கிழித்துப்போட்டேன். ராயப்பன் உர்ரென்று வீடு திரும்பினார் என்பது மட்டும் நிச்சயம்.

ஈஸ்டர் பூசை முடிந்து இலைமுன் உட்கார்ந்தார். வேண்டாம் என்பது அவர் வாயாலேயே வரட்டும் என்று இருதயசெல்வி கேட்டாள்.

“கண்டம் வறுக்கட்டுங்களா?”

அவர் தொண்டையைச் செருமினார். தோற்றுப்போனதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே.

“இன்னிக்கி வாணாம். நிலுவையில வையி.”

[மாற்று முடிவு அ: மனிதர் திருந்தினார். பொய். ஆ: மறுநாள் தின்று செத்தார். அவசரம்.]

5

இதை வெற்றி என்று எழுதி முடிக்க ஆசைதான். ஆனால் நாளைக்கும் இலை விழும், அவளும் மறுபடி கேட்டாக வேண்டும். இந்த நோய்க்கு முடிவென்று ஒன்று இல்லை, தள்ளிப்போடுவதுதான் உண்டு. நானும் முடிக்கப்போவதில்லை. வாசகரே, அவள் கேட்டுக் களைத்துப்போகும் நாளில் நீங்கள் போய் இலைமுன் நின்று ‘கண்டம் வறுக்கட்டுங்களா?’ என்று கேளுங்கள். குரல் மட்டும் நடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.