அழகுமலை தோட்டத்தில் பெய்யாத மழை

சுருளி அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று இந்த ஆடியில் மட்டும் மூன்று முறை பேப்பரில் வந்துவிட்டது. அருவிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் விவசாயி அழகுமலையின் திராட்சைத் தோட்டத்தில் என் கருவி பதிந்து வைத்திருப்பது என்ன தெரியுமா? அறுபத்தெட்டு நாளாக ஒரு சொட்டு ஈரம் இல்லையாம். பந்தலுக்குக் கீழே போனைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது.

நான் இவாஞ்சலின். தேனியில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்தான் என் ஆராய்ச்சி, இருபத்தொரு வருடமாக. பிளாஸ்டிக்கில் எப்படிக் கரண்டு போகும், ஷாக் அடிக்காதா என்று போடியில் அப்பாவின் கடைக்கு வந்த ஆட்களெல்லாம் கேட்டாயிற்று. அப்படியென்றால் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பாயா என்று கேட்டவர்களும் உண்டு. பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்தப் பிளாஸ்டிக்கை மை மாதிரி கரைத்து, மெல்லிய தகட்டில் அச்சடித்து, திராட்சை இலை அளவில் ஆறு துண்டு செய்திருந்தேன். தண்ணீர் பட்டால் அதில் ஓடும் மின்சாரம் மாறும். இலை எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது என்று தெரிந்தால் நோய் வருமுன் மருந்தடிக்கலாம், வாரம் தவறாமல் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தது போதும், தோட்டத்தில் காட்டு என்றார்கள் நிதி கொடுக்கும் குழுவினர். வருகிற வெள்ளிக்கிழமை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு திட்டம் எனக்கு எவனும் தரமாட்டான்.

ஜூனில் ஆறையும் இந்தப் பந்தலில் கட்டிவிட்டுப் போனவள்தான். அட்மிஷன், விடைத்தாள், ஆண்டறிக்கை என்று கல்லூரி என்னை விட்டால்தானே வருவதற்கு? ஆறும் செத்துவிட்டன என்றே முடிவு கட்டினேன். எதற்கும் பார்ப்போம் என்று பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து ஒன்றைத் தொட்டேன். போனில் கோடு துள்ளியது. மற்ற ஐந்தையும் தொட்டேன், அவையும் துள்ளின. உயிரோடுதான் இருக்கின்றன. அப்புறம் அறுபத்தெட்டு நாளாக என்ன செய்துகொண்டிருந்தன இந்தச் சனியன்கள்?

அப்போது மேற்கே மலை கருத்தது. கேரளப் பக்கமிருந்து காற்று இறங்கியது. கிணற்று மேட்டிலிருந்து அழகுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். கையில் ஆறு ஜவுளிக்கடைக் கவர். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கவரை மாட்டி, வாழைநாரால் சுருக்குப் போட்டார். காற்றுப் போகட்டும் என்று அடியில் கொஞ்சம் இடமும் விட்டார். பச்சைக் குழந்தைக்குக் குல்லா கட்டுகிற பதம்.

ஏசப்பா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தினமுமா என்று கேட்டேன். தினமும்தானாம். மழைக்கும் மருந்தடிப்புக்கும் மட்டுமில்லை, சாயங்காலம் பனி இறங்குமுன் மாட்டி, காலையில் வெயில் வந்தபிறகு கழற்றுவாராம். அவர் கம்பத்துக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று சம்சாரம் அக்கம்மாள் வந்து மாட்டினாராம். பாவி மனுஷன், ஒரு நாளாவது மறந்து தொலைத்திருக்கக் கூடாதா?

“உங்களை யாருண்ணே மூடச் சொன்னது?”

“நீங்கதான டீச்சரம்மா சொன்னீக. இருபது வருசம் பாடுபட்டுச் செஞ்சது, பத்திரமாப் பாத்துக்கங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னீக. பக்கத்துத் தோட்டத்துல சிரிக்கக்கூடச் செஞ்சாக.”

சொன்னேன்தான். பத்திரம் என்று பத்து முறை சொன்னவள், நனைய வேண்டும் என்று ஒரு முறை சொல்லவில்லை. வந்த கோபத்தில் பாதி அவர் மேல், மீதி யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை. நனையத்தான் கட்டியதே, அவிழ்த்து விடுங்கள் என்று கத்தினேன். அவர் அசையவில்லை.

“நனைஞ்சா கெட்டுப் போயிராதா?”

வெடுக்கென்று பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உடனே ஒற்றி எடுத்து, ஈரம் புகாத பெட்டியில் பூட்டித்தான் இருபத்தொரு வருடமாக எனக்குப் பழக்கம். தூசியும் மருந்தும் கரைந்து ஊற்றும் மழையில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. அச்சடித்தது அத்தனையும் ஒரே மழையில் உரிந்து ஓடலாம். தெரியாதுண்ணே என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவர் நாரை அவிழ்க்க ஆரம்பித்தார். மழை பிடித்துக்கொண்டது. போனை முந்தானைக்குள் வைத்துப் பார்த்தேன். முதல் கோடு எழும்பியது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. ஐந்து கோடுகள் எழும்பி நின்றன. ஆறாவது மட்டும் படுத்தே கிடந்தது. அதற்கு என்ன கேடு என்று எரிச்சலோடு திரும்பினேன். கவரை அவர் அப்போதே கழற்றியிருந்தார். துண்டின் மேல் ஒரு கை கவிந்து மழையை மறைத்துக்கொண்டிருந்தது. என் கை.

“கையை எடுங்க டீச்சரம்மா,” என்றார் அழகுமலை. “நனையட்டும்.”