ஏழாம் வருடத்துக் கதவு

வெள்ளிக்கிழமை காலை எல்கானா ஆணியிலிருந்து சங்கிலியையும் பூட்டையும் எடுத்தான். பத்து மாதமாக அவை அங்கேயே தொங்கின. சுவரில் துருக்கோடு விழுந்திருந்தது.

“தோட்டத்தைப் பூட்டப் போறியா?” என்றாள் அவன் மனைவி சொஹாரா. சபாத் ஓய்வுநாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“காட்டுப்பன்னி வருது.”

“மிருகத்துக்கும் பங்கு உண்டுன்னுதானே தோரா வேதத்துல இருக்கு.”

“பன்னி தோரா படிச்சதில்ல.”

“நீ படிச்சிருக்கியே.” மாவைத் திருப்பிப் போட்டு அடித்தாள். “வரும்போது ரெண்டு குலை திராட்சை கொண்டா. மேசைக்கு.”

பன்றி வந்தது உண்மைதான். ஆனால் அவன் பன்றிக்காகப் போகவில்லை. நேற்று மாலை சாலையிலிருந்து பார்த்தபோது, மூன்றாம் வரிசையில் ஒரு கொடியின் கிளை ஒடிந்து தொங்கியது. அவன் நட்ட கொடி. யாரோ பறிக்க வந்தவர் ஒடித்திருக்கிறார்.

தோராவின்படி ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு. உழக்கூடாது, கிளை வெட்டிக் கவாத்து செய்யக்கூடாது, விளைவது எல்லோருக்கும் பொது. முந்தைய ஏழாம் வருடங்களில் ஊரில் பலரைப் போல அவனும் நிலத்தை யூதரல்லாத ஒருவருக்கு விற்றதாகப் பத்திரம் எழுதிவிட்டு வேலையைப் பார்த்தான். அதற்கு அனுமதி இருந்தது. போன கோடையில் சொஹாரா அறுவைச் சிகிச்சை முடிந்து தன் காலால் நடந்து வீட்டுக்குள் வந்தாள். அன்று அவன்தான் சொன்னான், இந்த முறை உண்மையாகவே விட்டுவிடலாம் என்று. சாப்பாட்டுக்கு மழலையர் பள்ளிச் சமையலறையில் அவளுக்கு வரும் சம்பளம் போதும், மற்றதைக் கொடுக்கிறவர் கொடுப்பார் என்றான். அவள் சரி என்றாள். நேர்த்திக்கடன் இல்லை. சொன்ன சொல், அவ்வளவுதான்.

பழம் இல்லாத மாதங்களில் நம்புவது சுலபமாக இருந்தது.

தோட்டத்து இரும்புக் கதவு காற்றில் தானே சாத்திக்கொண்டிருந்தது. வேலியோரம் பழைய வெள்ளைக் கார் ஒன்று நின்றது. உள்ளே களை முழங்கால் உயரம். கவாத்து இல்லாத கொடிகள் தலைவிரித்துக் கிடந்தன. அடுத்த வருடம் இவை காய்க்குமா என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவரை அனுப்பிவிட்டுப் பூட்டிவிடலாம். அதற்கு முன் வீட்டுக்கு இரண்டு குலை. முதல் வரிசையில் கிளையை விலக்கினான். கைக்கு வேலை தெரியும். வெட்டியது.

“ஏப்பா! கத்தரிக்கோலா? இந்த வருஷமா?”

தலையில் ஊதாத்துணி கட்டிய பெண், அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் துணிப்பை. எல்கானா தன் கையைப் பார்த்தான். அறுவடைக் கத்தரி. எப்போது சட்டைப்பையில் போட்டான் என்றே தெரியவில்லை.

“பழக்கம்,” என்றான்.

“இந்த வருஷம் பழக்கப்படி அறுக்கக்கூடாது, கையால கிள்ளணும். நிலத்துக்காரன்தான் அப்படி வெட்டுவான். இது என்ன உன் தோட்டமா?”

அவன் வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொல்ல வந்த நாக்கு நின்றது.

“இல்ல,” என்றான்.

சொன்னதும் தோளிலிருந்து எதையோ யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது. கத்தரியைப் பையில் போட்டான்.

“அது புளிக்கும். மூணாவது வரிசைக்கு வா,” என்று அவள் முன்னே நடந்தாள். “நான் ஃபோர்தூனா. பஸ் நிலையத்துக்குப் பின்னாடி வீடு. இங்க வர்றதுக்கு முன்னாடி, கடையில இல்லாம கொடியிலேர்ந்து பழம் தின்னதே இல்ல, தெரியுமா?”

மூன்றாம் வரிசைதான் இனிப்பு. அவனுக்குத் தெரியாதா? பின்னாலேயே போனான்.

ஒடிந்த கிளை தொங்கவில்லை. அடியில் ஒரு பழப்பெட்டி, அதன்மேல் மடித்த துண்டு, துண்டின்மேல் கிளை.

“நேத்து என் மருமகன் யானை மாதிரி சாஞ்சான்,” என்றாள் ஃபோர்தூனா. “ராத்திரி தூக்கமே இல்ல. விடிஞ்சதும் வந்துட்டேன். கட்டுப்போடலாமா கூடாதான்னு சட்டம் தெரிஞ்ச ரப்பிகிட்ட கேக்கணும். அதுவரைக்கும் இப்படி இருக்கட்டும். இந்தத் தோட்டத்துக்காரனைப் பாத்தா சொல்லு, ஃபோர்தூனா மன்னிப்புக் கேட்டாள்னு.”

“சொல்றேன்.”

“திட்டுவானோ?”

“நேத்துன்னா திட்டியிருப்பான்.”

அவள் சிரித்தாள். இலைகளுக்குள் கைவிட்டு, ஒரு குலையைக் கிள்ளி அவனிடம் நீட்டினாள். “இந்தா, உனக்கு. நல்ல குலை.”

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பழத்தை அவன் தின்றிருக்கிறான். இனிப்பு ஏறிவிட்டதா என்று பார்க்கத் தின்றிருக்கிறான், நாளைக்கு அறுக்கலாமா என்று யோசித்தபடி தின்றிருக்கிறான். யாரும் கொடுத்துத் தின்றதில்லை. ஒரு பழத்தைக் கிள்ளி விரல்களில் பிடித்துக்கொண்டு, மரத்தின் கனியைப் படைக்கிறவருக்கான துதியை முழுதாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். தெருவுக்கே கேட்கும்படி ஃபோர்தூனா “ஆமென்” என்றாள்.

பழம் சிறியது. தோல் தடிப்பு. அத்தனை இனிப்பு.

“கதவுதான் காத்துல சாத்திக்குது,” என்றாள் அவள். “பூட்டியிருக்குன்னு நெனச்சு நேத்து ரெண்டு பேர் திரும்பிப் போயிட்டாங்க, பாவம்.”

இரண்டு குலைகளோடு எல்கானா வெளியே வந்தான். கதவை முழுக்கத் தள்ளித் திறந்தான். அது திரும்பி வரப் பார்த்தது. காலால் தடுத்துக்கொண்டு, பையிலிருந்த சங்கிலியை எடுத்துச் சுருட்டி, நடுவில் பூட்டை வைத்து, கதவின் அடியில் முட்டுக் கொடுத்தான்.

காற்று வந்தது. கதவு ஒருமுறை முனகியது. பிறகு நின்றது.