நடுச்சாலைச் செடி

வேலி என்றால் அரளிதான் என்று நான் நேற்றா முடிவு செய்தேன்? முப்பது வருடம் பஸ் ஓட்டினவன் நான். நெடுஞ்சாலைக்கு நடுவே வரிசையாக நின்று, எதிர் வண்டியின் வெளிச்சம் என் கண்ணில் விழாமல் காத்த செடி அது. தண்ணீர் கேட்காது, ஆடு கடிக்காது. லாரி வெளிச்சத்தையே மறைத்த செடி, பின்சந்தில் போகிறவன் வருகிறவன் கண்ணை மறைக்காதா?

மறைத்தே தீரவேண்டியிருந்தது. எங்கள் கொல்லைச் சுவர் இடுப்பளவுதான். போன கோடையில் எவனோ அதைத் தாண்டி வந்து தண்ணீர் மோட்டாரையே கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

“வேலி வைங்க, வேண்டாங்கல. அரளி மட்டும் வேண்டாம். அது விஷம். பேரன் விளையாடுற இடம்,” என்றாள் வீட்டுக்காரி.

“உன் பேரன் என்ன ஆடா? வேலியை மேயப் போறானா?”

அவள் பதில் பேசவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும், அவள் வாயை மூடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

நாற்றுப் பண்ணைக்காரர் நாற்பது கன்றுகள் கொண்டுவந்து இறக்கினார். குறுகி நீண்ட இலைகள். நானே குழி தோண்டி, சுவரை ஒட்டி நட்டேன். எட்டு மாதத்தில் செடிகள் சுவரைத் தாண்டிவிட்டன. பூ மட்டும் வரவில்லை. “பூக்கும், பொறுங்க,” என்பாள் அவள். சந்தில் போகிறவர்கள் நின்று, “அரளியா சார்?” என்று சந்தேகமாகக் கேட்பார்கள். “பின்னே? நான் பார்த்து வச்சதாக்கும்!” என்பேன்.

அன்று மகள் ஆபீஸ் போயிருந்தாள். வீட்டுக்காரி தெருமுனைத் தையல்கடைக்குப் போயிருந்தாள். ஒன்றரை வயதுப் பேரனைக் கொல்லையில் இறக்கிவிட்டு, குழாயை மூடத் திரும்பினேன். அவ்வளவுதான். மறுபடி பார்த்தால், பயல் வேலியடியில் உட்கார்ந்து சாவகாசமாக மென்றுகொண்டிருக்கிறான். கடைவாயில் பச்சையாக எச்சில் வழிகிறது.

வாய்க்குள் விரலைவிட்டு இலையைத் தோண்டி எடுத்தேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் பஸ்கூட ஓட்டினதில்லை. தையல்கடையைத் தாண்டும்போது, “அரளியைத் தின்னுட்டான்டி!” என்று கத்தினேன்.

“நில்லுங்க! ஐயோ, நில்லுங்களேன்!” என்று அவள் பின்னாலேயே ஓடிவந்தாள். எங்கே நிற்பது? என் பிடிவாதத்தால் என் பிள்ளையின் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. மகளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?

“என்ன இலை?” என்றார் டாக்டர். கையை விரித்துக் காட்டினேன்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்தவள் அந்த இலையைப் பிடுங்கிக் கசக்கினாள். “அரளியே இல்ல டாக்டர். மோந்து பாருங்க.”

டாக்டர் முகர்ந்தார். “எலுமிச்சை வாசம் வருதே!”

“பாட்டில் பிரஷ்னு ஒரு பூச்செடி. இவர் கேக்க மாட்டார்னு நான்தான் பண்ணைக்காரருக்குப் போன் பண்ணி மாத்தினேன். விஷமில்லாத செடியாக் கொடுங்க, இலை அரளி மாதிரியே இருக்கட்டும்னேன். நீளமா இலை இருந்தா இவருக்கு எல்லாமே அரளிதான்.”

டாக்டர் பேரனின் வாயைக் கழுவி, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். “நல்லா இருக்கான். எதுக்கும் அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க.”

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவன் ஓவென்று அழுதுவிட்டேன். பேரனுக்கு அது வேடிக்கையாக இருந்தது போலிருக்கிறது. என் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தான்.

“அரளி வேண்டாம்னு நீ இன்னும் நாலு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன் அவளிடம்.

“சொன்னேனே. ஆடான்னு கேட்டீங்க.”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எதிரிலேயே. அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வேலிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். சந்தில் ஒருவர் நின்று, “இது அரளியா சார்?” என்றார்.

“எனக்கென்ன தெரியும்? வீட்டம்மா பார்த்து வச்சது,” என்றேன். “உள்ளதான் இருக்கா. கூப்பிடறேன், கேளுங்க.”